மக்களின் விருப்பம் பிறக்கும் இடம்: ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பும் ஒரு மெய்யியல் சிக்கலும்

தனிநாடு வேண்டுமா என்று மக்களிடம் கேட்கும் பொதுவாக்கெடுப்பு, அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் விருப்பத்தைக் கணக்கெடுக்கிறதா, இல்லாத விருப்பத்தை உண்டாக்குகிறதா என்பது அரசியல் மெய்யியலில் இன்னும் தீராத வழக்கு. கணக்கெடுப்பு என்றால், வாக்கெடுப்புக்கு முன் ஆண்டுக்கணக்கில் நடக்கும் பிரசாரத்துக்கு என்ன வேலை என்ற கேள்வி வருகிறது. உண்டாக்கப்பட்டது என்றால், அதை மக்களின் சொந்த விருப்பம் என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி வருகிறது. 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பு இதை ஆராய மிகவும் ஏற்ற களம். அங்கே அந்நியப் படை இல்லை; சிறையில் தலைவர்கள் இல்லை; பழிக்குப் பழி இல்லை. லண்டன் அரசும் எடின்பரோ அரசும் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்ட விதிகளின்படி, பேசியும் எழுதியும் மட்டுமே ஆதரவு திரட்டப்பட்டது. வன்முறை கலந்த களங்களில் மறைந்துபோகும் நுட்பமான கேள்விகள் இங்கே வெளிச்சத்தில் நிற்கின்றன.

சிக்கல் ‘மக்கள்’ யார் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிரிட்டிஷ் அரசியல் சட்ட அறிஞர் சர் ஐவர் ஜென்னிங்ஸ் 1956இல் இதைச் சுட்டிக்காட்டினார். மக்களே முடிவு செய்யட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் மக்கள் யார் என்பதை முன்பே யாராவது முடிவு செய்தால்தான் அவர்களால் எதையும் முடிவு செய்ய இயலும் என்பது அவர் வாதம். பல இனங்கள் வாழும் ஒரு காலனி விடுதலை பெறுவதை அருகிலிருந்து பார்த்தவர் அவர் என்பதால், இது வெறும் தர்க்க விளையாட்டு அல்ல.

ஸ்வீடனோடு இருந்த இணைப்பை முறிப்பது பற்றி நார்வேயில் 1905 ஆகஸ்ட் 13 அன்று வாக்கெடுப்பு நடந்தது. முறிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக 184. நாடு முழுவதும் ஒரே குரலில் பேசியதாகத் தோன்றும் இந்த முடிவில் ஒரு வாக்குகூடப் பெண்ணுடையது அல்ல. வாக்குரிமை மறுக்கப்பட்ட பெண்கள் தாங்களாகவே கையெழுத்து இயக்கம் நடத்தி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். ‘மக்கள்’ என்ற வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், தாங்களும் மக்கள்தான் என்று கையெழுத்தால் காட்டிய நிகழ்வு அது. முழு வாக்குரிமை அவர்களுக்கு 1913இல் வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1995இல் நடந்தது இன்னும் கூர்மையானது. மாநிலம் தழுவிய பிரிவினை வாக்கெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன், வடபகுதியில் வாழும் கிரீ பழங்குடியினர் தங்களுக்குள் தனி வாக்கெடுப்பு நடத்தினார்கள். தங்களையும் தங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கச் சம்மதமில்லை என்று 96 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். கனடாவிடம் கியூபெக் கேட்ட உரிமையைக் கியூபெக்கிடம் கிரீ மக்கள் கேட்டார்கள். பிரிவினைக் கோட்பாடு எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் வைத்திருக்க வேண்டும், பெரும்பாலானவற்றிடம் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் எர்னெஸ்ட் ரெனான் 1882இல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் வேறொரு வழி காட்டினார். மொழி, இனம், மதம், எல்லை ஆகிய எதுவும் தனியாக ஒரு தேசத்தை ஆக்கிவிடாது. சேர்ந்து வாழும் உறுதியை மக்கள் நாள்தோறும் புதுப்பித்துக்கொள்வதே தேசம் என்றார். இப்படிப் பார்த்தால் மக்கள் முன்பே முழுமையாக இருந்து பிறகு விரும்புகிறவர்கள் அல்லர். விரும்பி விரும்பியே மக்களாகிறவர்கள். ஸ்காட்லாந்தின் வரலாறு இதற்கு நெருங்கி வருகிறது. ரெனானுக்கு நெடுங்காலம் முன்பே, மதத்தின் வழியாக, அங்கே இந்தச் சிந்தனை வேரூன்றியிருந்தது.

1320இல் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் போப் இருபத்திரண்டாம் ஜானுக்கு எழுதிய மடல், அர்ப்ரோத் பிரகடனம் என்று அறியப்படுகிறது. தங்கள் அரசர் ராபர்ட் புரூஸே ஆனாலும், நாட்டை ஆங்கிலேயருக்கு அடிபணிய வைத்தால் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை அரசராக்குவோம் என்று அதில் எழுதினார்கள். எழுதியவர்கள் நிலவுடைமைப் பிரபுக்கள். இன்றைய பொருளில் அது மக்களாட்சி ஆகாது. ஆயினும் அரசனைவிடச் சமூகம் பெரிது என்ற எண்ணம் எழுத்தில் ஏறிவிட்டது. 1579இல் ஜார்ஜ் புக்கானன் லத்தீனில் எழுதிய நூல் இதைக் கோட்பாடாக்கியது: அரசனின் அதிகாரம் மக்களிடமிருந்து வருவது, அவன் கொடுங்கோலனானால் அதை மக்கள் திரும்பப் பெறலாம்.

1638 பிப்ரவரி 28 அன்று எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில் தேசிய உடன்படிக்கை கையெழுத்தானது. திருச்சபையின் வழிபாட்டு முறையை மன்னர் முதலாம் சார்லஸ் தம் விருப்பப்படி மாற்ற முயன்றதை எதிர்த்து, கடவுளைச் சாட்சியாக வைத்து, ஒருவருக்கொருவர் துணை நிற்பதாகச் செய்த சபதம் அது. பிரதிகள் எடுக்கப்பட்டு ஊர் ஊராகச் சென்றன. சாதாரண மக்களும் கையெழுத்திட்டார்கள். பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலர் கடவுளோடு செய்துகொண்ட உடன்படிக்கையே இதன் முன்மாதிரி. எகிப்திலிருந்து வெளியேறிய கூட்டம் சீனாய் மலையடிவாரத்தில் அந்த உடன்படிக்கையின் மூலம் ஒரு மக்களானது. ஜென்னிங்ஸ் எழுப்பிய சிக்கலுக்கு இந்த இறையியலில் ஒரு விடை இருக்கிறது. மக்கள் யார் என்று வெளியிலிருந்து யாரும் வரையறுக்க வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்து, அந்த வாக்கால் கட்டுப்பட்டவர்களே மக்கள்.

அந்த விடையின் இருண்ட பக்கமும் அதே வரலாற்றில் உண்டு. 1640இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் உடன்படிக்கையில் கையெழுத்திடுவதைக் கட்டாயமாக்கியது. மறுத்தவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள். மனமுவந்து சேர்ந்தவர்களால் உருவான சமூகம், சேராதவர்களைத் துரோகிகளாகப் பார்க்க இரண்டே ஆண்டுகள் போதுமாக இருந்தன. விடுதலைக்கு ஆதரவு திரட்டும் எந்த இயக்கமும் தன் அறையில் மாட்டிவைக்க வேண்டிய எச்சரிக்கை இது. இணைபவர்களை மதிப்பது எளிது. இணைய மறுப்பவரையும் அதே மக்களில் ஒருவராகக் கருத முடிகிறதா என்பதே சோதனை.

1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்தன. 20ஆம் நூற்றாண்டில், ஜான் மக்கார்மிக் என்ற வழக்கறிஞர் பழைய உடன்படிக்கை என்ற வடிவத்தையே அரசியலுக்குக் கொண்டுவந்தார். 1949 அக்டோபரில், எடின்பரோவில் திருச்சபைப் பொதுப்பேரவை கூடும் மண்டபத்தில் புதிய உடன்படிக்கை தொடங்கிவைக்கப்பட்டது. பிரிட்டனுக்குள்ளேயே ஸ்காட்லாந்துக்கு ஒரு நாடாளுமன்றம் வேண்டும் என்பதே கோரிக்கை. சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 20 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்ததாக இயக்கத்தினர் அறிவித்தார்கள். லண்டன் அசையவில்லை. தேர்தல்களில் வெல்லாமல் கையெழுத்தால் மட்டும் எதையும் பெற முடியாது என்று அரசியல்வாதிகள் ஒதுக்கித் தள்ளினார்கள். அவர்கள் சொன்னதில் அதிகாரத் திமிர் இருந்தது; உண்மையும் இருந்தது. நண்பர் நீட்டிய தாளில் கையெழுத்திடுவதற்குப் பெரிய விலை எதுவும் இல்லை. வாக்குச்சாவடியில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழந்தாக வேண்டும். எதை இழக்கத் தயார் என்று சொல்லாத ஆதரவை விருப்பம் என்று கொள்ள முடியாது.

அதே மக்கார்மிக் 1953இல் நீதிமன்றம் சென்றார். ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை. அப்படியிருக்க, புதிய அரசி அங்கே எப்படி ‘இரண்டாம்’ எலிசபெத் ஆவார் என்று வழக்குத் தொடுத்தார். வழக்கில் தோற்றார். ஆனால் தீர்ப்பளித்த நீதிபதி கூப்பர் பிரபு, நாடாளுமன்றத்துக்கு வரம்பற்ற இறைமை உண்டு என்பது ஆங்கிலேயக் கோட்பாடு, ஸ்காட்லாந்துச் சட்டத்தில் அதற்கு இணை கிடையாது என்று குறிப்பிட்டார். தோற்ற வழக்கில் சொல்லப்பட்ட இந்தக் கருத்து பின்னாளைய இயக்கங்களுக்கு அடித்தளமாயிற்று.

1979 மார்ச் 1 அன்று தன்னாட்சி மன்றம் குறித்து வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 51.6 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினர் ஆதரிக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கப்பட்டிருந்ததால் திட்டம் விழுந்தது. வாக்களிக்க வராதவர், ஏன், இறந்தும் பட்டியலில் பெயர் நீங்காதவர்கூட, எதிர்ப்பாளராகக் கணக்கிடப்பட்டார். இந்த மனக்கசப்பே அடுத்த இயக்கத்தின் எரிபொருள். 1989 மார்ச் 30 அன்று, மக்கார்மிக் தொடங்கிய அதே மண்டபத்தில், ஸ்காட்லாந்து அரசமைப்பு மாநாடு கூடி ‘உரிமைக் கோரல்’ ஆவணத்தில் கையெழுத்திட்டது. ஆட்சி வடிவத்தைத் தீர்மானிக்கும் இறைமை ஸ்காட்லாந்து மக்களிடமே உள்ளது என்றது அந்த ஆவணம். மாநாட்டின் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் கென்யன் ரைட், இந்தியாவில் பல ஆண்டுகள் மிஷனரியாகப் பணிபுரிந்த பாதிரியார். தாங்களே அரசு என்று சொல்லி லண்டன் மறுத்தால், தாங்களே மக்கள் என்று பதில் சொல்வோம் என்ற பொருளில் அவர் அங்கே பேசினார். கட்சிகள், தொழிற்சங்கங்கள், உள்ளாட்சிகள், திருச்சபைகள் எல்லாம் அந்த மாநாட்டில் இருந்தன. முழு விடுதலையைப் பற்றிப் பேச இடமில்லை என்று கூறி, விடுதலையைக் கோரிய ஸ்காட்லாந்து தேசியக் கட்சி விலகி நின்றது. ஸ்காட்லாந்துக்கு ஒரு நாடாளுமன்றம் வேண்டுமா என்று 1997இல் நடந்த வாக்கெடுப்பில் 74.3 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. 1999இல் நாடாளுமன்றம் வந்தது. சொந்தக் கட்டடம் முடியும்வரை அது கூடியதும் திருச்சபையின் அந்த மண்டபத்தில்தான்.

2011 தேர்தலில் தேசியக் கட்சி 129 இடங்களில் 69ஐ வென்றதும் முழு விடுதலை பற்றிய வாக்கெடுப்பு தவிர்க்க முடியாததாயிற்று. அப்போது விடுதலைக்கு இருந்த ஆதரவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருந்தது. வாக்கெடுப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாரும் விடுதலை வேண்டும் என்று நினைப்பவர்கள் அல்லர்; இந்த வேறுபாட்டைப் பல இயக்கங்கள் கவனிக்கத் தவறுகின்றன. கேட்கப்படும் உரிமைக்கான ஆதரவு ஒன்று, கேட்டதற்கு ‘ஆம்’ என்று சொல்லும் ஆதரவு வேறு. முதலாவது பரவலாக இருந்ததால்தான் 2012 அக்டோபர் 15 அன்று டேவிட் கேமரனும் அலெக்ஸ் சாமண்டும் எடின்பரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

கேள்வியின் வாசகம் தனியே கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்க எடின்பரோ அரசு விரும்பியது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல்லே வாக்காளரை ‘ஆம்’ பக்கம் தள்ளுகிறது என்று தேர்தல் ஆணையம் சோதித்துச் சொன்னது. ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா என்று அது திருத்தப்பட்டது, அரசும் ஏற்றது. கியூபெக்கில் 1995இல் கேட்கப்பட்ட கேள்வி, கனடாவோடு பொருளாதார, அரசியல் கூட்டுறவை முன்வைத்த பின் கியூபெக் இறைமை பெறுவதைப் பற்றி ஒரு சட்ட வரைவையும் ஓர் ஒப்பந்தத்தையும் குறிப்பிட்டு நீண்டது. பிரிந்த பிறகும் கனடாவின் ஒரு பகுதியாகவே இருப்போம் என்று நம்பி ஆதரித்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். மற்றவர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தால் அது தோற்றுவிடும் என்றால், அச்செயல் அநீதியானது என்று இம்மானுவேல் காண்ட் 1795இல் எழுதினார். இந்த அளவுகோலில் கியூபெக்கின் கேள்வி தேறாது. தெளிவாகச் சொன்னால் ஆதரவு குறையும் என்பதற்காக மங்கலாகச் சொல்லப்படும் கேள்வி, எத்தனை வாக்குகள் பெற்றாலும் மக்களின் விருப்பத்தைக் காட்டாது. கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை வேண்டும் என்று கூறியதன் அறம் இதுவே.

ஸ்காட்லாந்து வாக்கெடுப்பின் வாக்குரிமையும் கவனிக்கத்தக்கது. ஸ்காட்லாந்தில் வாழ்பவர்களுக்கே வாக்கு. பிறப்போ வம்சாவளியோ கணக்கில்லை. லண்டனில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரருக்கு வாக்கு இல்லை. கிளாஸ்கோவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கும் போலந்துக்காரருக்கும் உண்டு. 16, 17 வயதினரும் சேர்க்கப்பட்டார்கள். நாளைய நாட்டில் வாழப்போகிறவர்களே ‘மக்கள்’ என்ற இந்த வரையறை ரத்தத்தை விலக்கி உடனுறைதலை ஏற்கிறது. கியூபெக்கின் முதல்வர் ஜாக் பாரிசோ 1995இல் தோற்ற இரவில், பணமும் இனக்குழு வாக்குகளுமே தங்களைத் தோற்கடித்தன என்று பேசி, மறுநாள் பதவி விலகலை அறிவித்தார். அந்த ஒரு பேச்சு, அதுவரை குடிமை அடிப்படையில் கட்டப்பட்ட இயக்கத்தின் மீது படிந்த கறை.

‘ஆம்’ பிரசாரத்தின் உயிர்நாடி வீடு வீடாகச் சென்ற தொண்டர்கள். கதவைத் தட்டியதும், முழு எதிர்ப்புக்கு 1, முழு ஆதரவுக்கு 10 என்று வைத்து, உங்கள் நிலை எத்தனை என்று கேட்டார்கள். ‘ஆமா, இல்லையா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று கதவைச் சாத்திவிடக்கூடியவர், ‘நான்கு’ என்று சொல்வார். ஏன் மூன்று இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று பேச்சு நீளும். ஓய்வூதியம், மருத்துவமனை, நாணயம் என்று அவரது தயக்கம் பெயர் பெறும். விருப்பம் உருவாகும் தருணத்தை இவ்வளவு அருகில் காட்டும் காட்சி அரசியலில் அரிது. முன்பே இருந்ததை வெளியே எடுத்தார்களா, புதிதாக விதைத்தார்களா என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது. யோசிக்கும்படி கேட்கப்பட்ட ஒருவர் யோசித்துத் தனதாக்கிக்கொண்ட முடிவு அவருடைய சொந்த முடிவே. கேட்டவர் ஒரு சார்புடையவர் என்பதால் அது இரவல் ஆகிவிடாது.

கிளாஸ்கோ, டண்டீ போன்ற நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில், 1989இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த தலைவரிக்கு அஞ்சி வாக்காளர் பட்டியலிலிருந்தே விலகியவர்கள் இருந்தார்கள். கால் நூற்றாண்டாக எந்தத் தேர்தலிலும் வாக்களிக்காத அவர்களைத் தொண்டர்கள் தேடிச்சென்று பதிவு செய்தார்கள். இறுதியில் தகுதியுள்ளோரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர், சுமார் 43 லட்சம் பேர், பட்டியலில் இருந்தார்கள். வாக்கெடுப்பு முடிந்ததும், விரிவான பட்டியலைக் கொண்டு பழைய தலைவரி பாக்கியை வசூலிக்கச் சில உள்ளாட்சிகள் கிளம்பின. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2015இல் சட்டம் இயற்றி அந்தக் கடன்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குடிமகனாக முன்வந்தவரைக் கடனாளியாகப் பிடிப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கைத் துரோகம் என்பது அங்கே காலத்தோடு உணரப்பட்டது.

‘ஆம்’ தரப்பிலும் குறை இருந்தது. 2013 நவம்பரில் அரசு வெளியிட்ட 670 பக்க வெள்ளை அறிக்கை, விடுதலைக்குப் பிறகும் பவுண்டையே பிரிட்டனோடு பகிர்ந்துகொள்வோம் என்றது. 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அதை மறுத்ததும், மாற்றுத் திட்டம் என்ன என்ற கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. இழப்பே இல்லாத விடுதலையை வாக்குறுதியாகத் தருவது, 1949இன் கையெழுத்துத் தாளுக்கே திரும்பிச் செல்வது. மறுதரப்பில், ‘ஆம்’ முந்துவதாக ஒரு கருத்துக்கணிப்பு செப்டம்பர் தொடக்கத்தில் காட்டியவுடன், மூன்று பிரிட்டிஷ் கட்சித் தலைவர்கள் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு நாளிதழின் முதல் பக்கத்தில் கூடுதல் அதிகாரம் தருவதாக உறுதியளித்தார்கள். தபால் வாக்குகள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த நேரம் அது. ‘இல்லை’ என்பதன் பொருளையே நடுவழியில் மாற்றியது நேர்மையான செயல் அல்ல.

வாக்குப்பதிவு 84.6 விழுக்காடு. ‘இல்லை’ 20,01,926, ‘ஆம்’ 16,17,989. மூன்று ஆண்டுப் பேச்சு, மூன்றில் ஒன்றாக இருந்த ஆதரவை 44.7 விழுக்காட்டுக்கு உயர்த்தியிருந்தது.

பிரிவதற்கு எது நியாயம் தருகிறது என்பதில் மெய்யியலாளர்கள் இரு முகாமாக நிற்கிறார்கள். ஹாரி பெரன் போன்றோர், ஒரு பகுதியின் பெரும்பான்மை சுதந்திரமாக விரும்பினாலே போதும் என்கிறார்கள். ஆலன் புக்கானன் 1991இல் எழுதிய நூலும் அதன் பின் அவர் வளர்த்த கோட்பாடும் கடும் அநீதிக்குத் தீர்வாகவே பிரிவுரிமையைக் காண்கின்றன. ஒடுக்குமுறையால் பிரிந்த தெற்கு சூடானில் 2011 ஜனவரியில் 98.83 விழுக்காட்டினர் பிரிவுக்கு வாக்களித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதோருக்காக வாக்குச்சீட்டில் பிரிவுக்கு உயர்த்திய ஒற்றைக் கையும், ஒற்றுமைக்குப் பற்றிய இரு கைகளும் அச்சிடப்பட்டிருந்தன. அவர்கள் பிரிந்ததன் நியாயத்தை எவரும் மறுக்க முடியாது. எனினும் 2013 டிசம்பரில் அந்நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. யாரை விட்டுப் பிரிவது என்பதில் கண்ட ஒருமை, யாரோடு சேர்ந்து வாழ்வது என்பதில் இல்லை. ஆதரவு திரட்டும் காலத்திலேயே இரண்டாவது கேள்வியும் பேசப்பட வேண்டும். ஸ்காட்லாந்தின் நீண்ட, சலிப்பூட்டும் விவாதத்துக்கு அந்தச் சிறப்பு இருந்தது.

வாக்கெடுப்பில் நடுநிலை காத்த ஸ்காட்லாந்துத் திருச்சபை, முடிவு வந்த மூன்றாம் நாள், செப்டம்பர் 21 ஞாயிறன்று, எடின்பரோவின் புனித ஜைல்ஸ் பேராலயத்தில் ஒப்புரவு வழிபாடு நடத்தியது. இரு தரப்புத் தலைவர்களும் வந்தார்கள். 1640இல் கையெழுத்திட மறுத்தவரைத் தண்டித்த மரபிலிருந்து வந்த திருச்சபை, இம்முறை வென்றவரையும் தோற்றவரையும் அருகருகே அமர்த்தியது. தோற்றவர்கள் ஒதுங்கிவிடவுமில்லை. சுமார் 25,000ஆக இருந்த தேசியக் கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கை சில மாதங்களில் ஒரு லட்சத்தைக் கடந்தது. 2015 பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 அதற்குக் கிடைத்தன.

எஞ்சியிருப்பது, அதே கேள்வியை மீண்டும் எப்போது கேட்கலாம் என்பது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று ‘ஆம்’ தலைவர்களே 2014இல் சொன்னார்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க ஸ்காட்லாந்தின் 62 விழுக்காட்டினர் வாக்களித்தும் பிரிட்டன் முழுவதற்கும் வெளியேறும் முடிவு வந்தபோது, நிலைமை மாறிவிட்டது என்றார்கள். ரெனான் சொன்னபடி தேசம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது என்றால், ஒருமுறை சொன்ன ‘இல்லை’ என்றென்றைக்குமானது ஆகாது. அடிக்கடி கேட்டுச் சலிக்க வைத்து ‘ஆம்’ வாங்குவதும் மக்களை மதிப்பதாகாது. 2022 நவம்பர் 23 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், லண்டனின் இசைவில்லாமல் எடின்பரோ நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்த இயலாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த இசைவு எப்போது தரப்பட வேண்டும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அதே பிரிட்டனின் வட அயர்லாந்துக்கு விதி உண்டு: அயர்லாந்தோடு இணையப் பெரும்பான்மை விரும்பக்கூடும் என்று அமைச்சருக்குத் தோன்றினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழு ஆண்டு இடைவெளி வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முப்பது ஆண்டு வன்முறைக்குப் பிறகு எழுதப்பட்ட அந்த விதியைப் போன்ற ஒன்று, வன்முறையே இல்லாமல் கேட்ட ஸ்காட்லாந்துக்கு இன்றுவரை எழுதப்படவில்லை.